படகு எஞ்சின் கத்துகிறதா? எப்போது கத்துகிறது என்று முதலில் பாருங்கள்

கடலே இல்லாத சேலம் மாவட்டத்தில் படகு எஞ்சினுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்காட்டில் ஏரி இருக்கிறது. மேட்டூரில் அணை இருக்கிறது. மழைக்காலத்துக்கென்று அங்கங்கே ஷெட்டில் தூங்கும் மீட்புப் படகுகளும் இருக்கின்றன. இவற்றின் பின்னால் தொங்கும் அவுட்போர்டு எஞ்சின்களுக்கு உப்புத் தண்ணீர் தொல்லை கிடையாது. அதனால் கடற்கரை மெக்கானிக் முதலில் சந்தேகப்படும் உப்பை நாம் கடைசியில் சந்தேகப்பட்டால் போதும். நம் எதிரிகள் வேறு: பாசி, சேறு, இலை, குளவி, அப்புறம் மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டு வைப்பது.

எஞ்சினில் கோளாறு என்றால் பஸ்ஸர் என்ற சின்ன ஒலிப்பான் அலாரம் அடிக்கும், அதைத்தான் எஞ்சின் கத்துகிறது என்கிறோம். அலாரம் என்றதும் பலர் கேட்பது "எந்த ஒயரைக் கழட்டினால் நிற்கும்?" என்றுதான். கழட்டினால் நிற்கும், உண்மைதான். பஸ்ஸர் ஒயரைக் கழட்டி டேப் சுற்றிய எஞ்சின்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் பிஸ்டனோ பேரிங்கோ போன பிறகுதான் பட்டறைக்கு வந்தவை. பஸ்ஸர் எஞ்சினின் பகுதிதான். அது சொல்வதற்கு மூன்றே முக்கிய விஷயங்கள் இருக்கின்றன: சூடு, ஆயில், பெட்ரோலில் தண்ணீர். புது மாடல்களில் பேட்டரி வோல்ட்டேஜும் சேரும். இதில் எது என்பதை ஒலியைவிட, கத்தும் நேரம்தான் சரியாகக் காட்டிக் கொடுக்கும்.

போன் வந்தால் நான் கேட்பதும் அதைத்தான்.

"அண்ணா, எஞ்சின் கத்துது."

"ஸ்டார்ட் பண்ணினதும் கத்துதா, ஓடி கொஞ்ச நேரம் கழிச்சா தம்பி?"

"ஒரு பத்து நிமிஷம் நல்லா ஓடுச்சுங்கண்ணா. திரும்பி வரப்பத்தான்."

"தண்ணி பீச்சுதா பாரு."

இந்த நாலு வரியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். கீழே உள்ளதும் அதே வரிசைதான்.

நடு ஏரியில் கத்தினால்

ஆட்கள் படகில் இருக்கும்போது கத்தினால், முதலில் ஆக்சிலரேட்டரைக் குறைத்து நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். உடனே பின்னால் திரும்பி, எஞ்சின் பக்கவாட்டில் சின்ன ஓட்டை வழியாகப் பீச்சும் தண்ணீரைப் பாருங்கள். பைலட் ஹோல் என்பார்கள். எஞ்சினைக் குளிர வைத்த தண்ணீரில் ஒரு பகுதி அதன் வழியாக வெளியே வரும். தண்ணீர் வருகிறது, ஆயில் விளக்கு எரியவில்லை என்றால் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடலாம், சூடு இறங்கும். தண்ணீர் வரவில்லை, அல்லது ஆயில் விளக்கு எரிகிறது என்றால் அந்த நொடியே ஆஃப். ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடும் எஞ்சினுக்கு நிமிடக் கணக்கு கிடையாது.

பல மாடல்களில் அலாரத்தோடு வேகமும் தானாகக் குறையும், எவ்வளவு முறுக்கினாலும் ஏறாது. எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அதை எதிர்த்து முறுக்காதீர்கள். துடுப்பு இருக்கிறதல்லவா, அதை எடுங்கள். துடுப்பு இல்லாத மோட்டார் படகைத் தண்ணீரில் இறக்கவே கூடாது என்பது என் கட்சி.

ஒன்று மட்டும் செய்யவே வேண்டாம். கொதிக்கும் எஞ்சின் மூடியைத் திறந்து ஏரித் தண்ணீரை அள்ளி ஊற்றுவது. சூடான அலுமினியத் தலையில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிப்பு விடும். ஓடும் எஞ்சினின் மூடியைக் கழற்றிக்கொண்டு குனிவதும் வேண்டாம். மேலே ஃபிளைவீல் திறந்தபடி சுற்றும், துண்டு, துப்பட்டா எதுவானாலும் இழுத்துக்கொள்ளும்.

சாவி போட்டதும் ஒரு 'பீப்', பிறகு அமைதி

கோளாறு இல்லை. சாவி திருப்பியதும் பஸ்ஸரும் விளக்கும் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு பல மாடல்களில் உண்டு. உங்கள் எஞ்சினில் அந்த ஏற்பாடு இருந்து, ஒருநாள் சத்தமே வரவில்லை என்றால் அதுதான் கவலைப்பட வேண்டிய கோளாறு. பஸ்ஸர் செத்திருக்கலாம், முன்னால் ஓட்டியவர் கழட்டியிருக்கலாம். இரண்டாம் கையாக எஞ்சின் வாங்குகிறவர்கள் இந்த 'பீப்'பைக் காதால் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே, ஸ்டார்ட் ஆனதும் விடாமல் கத்துகிறது

இது சூடு அல்ல. இரவெல்லாம் பனியில் நின்ற எஞ்சின் ஐந்து நொடியில் சூடேறாது. ஆயில், அல்லது ஒயர்.

ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுங்கள். எஞ்சின் நேராகச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஓடியிருந்தால் நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். தூக்கி மடக்கி வைத்த நிலையில் பார்த்தால் அளவு பொய் சொல்லும். அளவு குறைவு என்றால் ஊற்றிவிட்டு, ஏன் குறைந்தது என்று தேடுங்கள். டிரெயின் போல்ட்டின் வாஷர் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அத்தோடு நிறுத்திவிட்டு பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

டூ ஸ்ட்ரோக்கில் இரண்டு வகை. பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் வகையில் ஆயில் அலாரத்துக்கு வேலையே இல்லை. தனி ஆயில் டேங்க் உள்ள வகையில் டேங்க் குறைந்தால் கத்தும். டேங்க் நிறைய இருந்தும் கத்தினால் உள்ளே உள்ள மிதவை மாட்டியிருக்கும், அல்லது அடியில் உள்ள வலையில் கசடு அடைத்திருக்கும். ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு, கலந்து ஊற்றும் முறைக்கு மாற்றிய எஞ்சின்களும் ஓடுகின்றன. அவற்றில் பழைய சென்ஸார் அப்படியே இருந்தால் சும்மா கத்திக்கொண்டே இருக்கும்.

ஆயில் எல்லாம் சரி என்றால் ஒயருக்கு வருவோம். ஒற்றை ஒயர் வரும் சாதாரண டெம்பரேச்சர் ஸ்விட்ச் உள்ள எஞ்சினில், எஞ்சின் சில்லென்று இருக்கும்போது அந்த ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். கத்தல் நின்றால் ஸ்விட்ச் ஷார்ட் ஆகியிருக்கிறது. நிற்கவில்லை, மற்ற ஸ்விட்ச் ஒயரைப் பிடுங்கியும் நிற்கவில்லை என்றால், ஒயர் போகும் வழியில் எங்கோ தோல் உரிந்து எஞ்சினில் உரசுகிறது. ஸ்டியரிங் திரும்பும் இடத்தில்தான் பெரும்பாலும் உரியும். எலி கடித்ததாகவும் இருக்கலாம்.

ஆனால் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் ஒயரைப் பிடுங்கிக் கத்தல் நின்றால், "ஸ்விட்ச்தான் கெட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். பிரஷர் உண்மையிலேயே இல்லாவிட்டாலும் பிடுங்கினால் நிற்கும். ஸ்விட்ச் இருந்த ஓட்டையில் பிரஷர் மீட்டர் மாட்டி அளந்தால்தான் உண்மை தெரியும். புது ஸ்விட்ச் வாங்குவது மலிவுதான். நம்பி ஓட்டிய பின் கிராங்க் மாற்றுவது மலிவு இல்லை.

ஐந்து பத்து நிமிடம் ஓடியபின் கத்துகிறது, தண்ணீர் பீச்சவில்லை

அதிகமாக வரும் தொல்லை இதுதான். ஏற்காட்டில் முதல் சந்தேகம் இலை. ஏரியைச் சுற்றி மரங்கள், மலை முழுக்க காப்பித் தோட்டங்களின் சில்வர் ஓக். ஊறிப்போன ஒரு இலை, புரொப்பெல்லருக்கு மேலே கியர்கேஸின் (எஞ்சினின் அடியில் கியர் இருக்கும் கூடு) பக்கத்தில் இருக்கும் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடும் வரை உறிஞ்சல் அதைப் பிடித்து வைத்திருக்கும். நிறுத்தியதும் விட்டுவிடும். அதனால்தான், "நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி கத்துகிறது" என்ற புகார் வருகிறது. பாசிக் கொத்தும், ஆகாயத் தாமரை வேரும், சுற்றுலா வந்தவர் வீசிய சிப்ஸ் பாக்கெட்டும் இதே வேலையைத்தான் செய்யும். எஞ்சினை ஆஃப் செய்து, கில் ஸ்விட்ச் கயிற்றை (இழுத்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு) கழற்றி, மேலே தூக்கிக் கையால் வழித்து எடுங்கள். இரண்டு பக்கமும் சல்லடை இருக்கும், ஒன்றைப் பார்த்துவிட்டு விடாதீர்கள்.

மேட்டூரில் கதை கொஞ்சம் வேறு. 120 அடி நிறைந்திருக்கும்போது தொல்லை குறைவு. கோடையில் மட்டம் இறங்கி, ஓரம் எல்லாம் சேறாகி, ஆழமில்லாத இடத்தில் படகைக் கிளப்பும்போது விசிறி கிளறும் சேற்றையே எஞ்சின் குடிக்கும். வண்டல் உள்ளே வழிகளில் படியும். தண்ணீரை இறைக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரையும் அரைக்கும்.

சல்லடை சுத்தம், இன்னும் பீச்சவில்லையா? பைலட் ஹோலையே பாருங்கள். ஷெட்டில் கிடந்த எஞ்சின் என்றால் குளவி அந்த ஓட்டைக்குள் மண்கூடு கட்டியிருக்கும். தண்ணீர் உள்ளே ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருக்கும், வெளியே காட்டாது. மெல்லிய தூண்டில் நரம்பை உள்ளே விட்டு மெதுவாகக் குத்தினால் செம்மண் கரைந்து வந்து திடீரென்று பீச்சும். கம்பி வேண்டாம், உள்ளே உள்ள ரப்பர் குழாய் ஓட்டையாகும். இங்கே ஒன்று கவனியுங்கள்: ஓட்டை மட்டும் அடைத்திருந்தால் எஞ்சின் சூடாகாது, அலாரமும் வராது. அலாரமும் வந்து தண்ணீரும் வரவில்லை என்றால், கூட்டைக் குத்தி எடுத்ததோடு வேலை முடியவில்லை.

அடுத்தது இம்பெல்லர். கியர்கேஸைக் கழற்றினால், கீழ்நோக்கிப் போகும் தண்டில் சின்னக் கிண்ணத்துக்குள் இருக்கும் ரப்பர் சக்கரம் இதுதான். அதன் இதழ்கள் கிண்ணத்துச் சுவரோடு அழுந்தி வளைந்து நிற்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் அப்படியே வளைந்து கெட்டியாகிவிடும். வெளியே எடுத்ததும் இதழ்கள் நிமிர வேண்டும். நிமிராமல் சுருண்டே இருந்தால், வெடிப்பு இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். மீட்புப் படகுகளில் இதுதான் பெரும் தொல்லை: எஞ்சின் புதுசு போல மின்னும், மணிக்கணக்கு மீட்டர் குறைவாக இருக்கும், இம்பெல்லர் மட்டும் கிழடு தட்டியிருக்கும். ஓடிய மணியைப் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது, வயதைப் பார்க்க வேண்டும். வருடம் ஒருமுறை திறந்து பாருங்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு மூன்று வருடத்தில் மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது: பழைய இம்பெல்லரின் இதழ் ஒன்று உடைந்திருந்தால் அந்தத் துண்டைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். அது மேலே குழாய்க்குள் ஏறி எங்காவது அடைத்து நிற்கும். புது இம்பெல்லர் போட்டும் கத்தும் எஞ்சின்களில் காரணம் பலமுறை அந்தத் துண்டுதான். கிண்ணத்தின் உட்புறத்திலும் அடித்தட்டிலும் நகத்தால் தடவிப் பாருங்கள். கோடு நகத்தில் மாட்டினால் அவற்றையும் மாற்றுங்கள். இதழ்களுக்குத் தண்ணீரோ, கையேட்டில் சொன்ன கிரீஸோ தடவி, தண்டு எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே கிண்ணத்துக்குள் இறக்குங்கள். இம்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் சின்னச் சாவித் துண்டு தரையில் விழுந்து தொலைவதற்கென்றே செய்த பொருள். கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கரையில் சோதிக்கும்போது, தண்ணீர் இல்லாமல் 'சும்மா ஒரு நொடி' என்று ஸ்டார்ட் செய்யாதீர்கள். அந்த இதழ்களுக்குத் தண்ணீர்தான் மசகு. சில நொடி போதும், புது ரப்பர் போய்விடும். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டுவதுதான் நம் ஊர் வழக்கம். நல்ல வழிதான். ஆனால் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றிப் போவதால் டிரம் கொஞ்ச நேரத்தில் சுடுதண்ணீர் ஆகிவிடும், எஞ்சின் நியாயமாகவே கத்தும். டிரம்மில் கை வைத்துப் பார்த்து, சூடாகிவிட்டால் தண்ணீரை மாற்றுங்கள். சேலத்துப் பட்டறைகளில் போர்வெல் தண்ணீரையே பயன்படுத்துகிறோம். வெந்நீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவு எஞ்சினின் உள்வழிகளிலும் படியும். முடிந்தால் மழைத் தண்ணீர், ஏரித் தண்ணீர்.

தண்ணீர் நன்றாகப் பீச்சுகிறது, ஆனாலும் கத்துகிறது

இங்கேதான் எந்த வேகத்தில் என்று கேட்க வேண்டும்.

ஐடிலில் கத்தி, வேகம் எடுத்தால் அடங்குகிறது என்றால் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) மூடிய நிலையில் மாட்டியிருக்கலாம். பெரிய எஞ்சின்களில் வேகம் கூடும்போது அழுத்தத்தால் திறக்கும் இன்னொரு வால்வு உண்டு. அது திறந்ததும் தண்ணீர் வேறு வழியில் ஓடி, சூடு இறங்கிவிடும். இது சூட்டு அலாரத்துக்குச் சொன்னது. எரிவது ஆயில் விளக்கு என்றால், சூடான ஐடிலில் பிரஷர் விழுகிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

ஐடிலில் அமைதி, முழு வேகத்தில் கத்தல் என்றால் தண்ணீர் வருகிறது ஆனால் போதவில்லை. பாதி அடைத்த சல்லடை, வண்டல் படிந்த வழிகள், தேய்ந்த இம்பெல்லர். அதற்கும் முன்னால் எஞ்சின் படகில் உட்கார்ந்திருக்கும் உயரத்தைப் பாருங்கள். ஏழெட்டுப் பேர் முன்பக்கமாக ஏறி செல்ஃபி எடுக்கும்போது படகின் வால் தூக்கிக்கொள்ளும். சல்லடை தண்ணீரோடு காற்றையும் உறிஞ்சும். எஞ்சினை அதிகமாக வெளியே சாய்த்து ஓட்டினாலும் இதேதான். ஆட்களை நடுவில் உட்காரச் சொன்னதும் அலாரம் நின்றால் பட்டறைச் செலவு மிச்சம்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது எளிது. கழற்றி, நூலில் கட்டி, பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடேற்றுங்கள். அவுட்போர்டு தெர்மோஸ்டாட்கள் பொதுவாக 50 முதல் 60 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். உங்களுடையதன் அளவு அதன் மேலேயோ கையேட்டிலோ இருக்கும். கார் தெர்மோஸ்டாட் 80-க்கு மேல்தான் திறக்கும். "சைஸ் பொருந்துது" என்று அதை மாட்டுகிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. இந்தச் சோதனையை ஏற்காட்டிலேயே செய்தால் ஒரு சின்னக் கவனம்: சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கொதிநீரை 100 என்று வைத்து தெர்மாமீட்டரைச் சரிபார்க்காதீர்கள்.

உண்மையில் சூடா, சென்ஸார் பொய்யா என்று தெரியாமல் திணறினால், துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பளபளக்கும் அலுமினியத்தில் அது தவறாகக் காட்டும். எஞ்சின் தலையில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதைக் குறிபாருங்கள்.

எல்லாம் சரி, பத்து நிமிடத்தில் சூடு ஏறிக்கொண்டே போகிறது, பிளக் கழற்றினால் ஒன்றில் மட்டும் தண்ணீர்ப் பசை என்றால் எஞ்சின் தலைக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. அது பட்டறை வேலை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த எஞ்சின், ஆயில் விளக்கு

"சூடாகுது, தெர்மோஸ்டாட்டைத் தூக்கிடு" என்பது நம் ஊரில் லாரி, டிராக்டர் காலத்திலிருந்தே உள்ள வைத்தியம். படகில், அதுவும் ஏற்காட்டில், இதன் விலை வேறு இடத்தில் கட்ட வேண்டியிருக்கும்.

ஏரியைச் சுற்றிக் காட்டும் படகு நாள் முழுக்க மெல்லத்தான் ஓடும். டிசம்பர், ஜனவரிக் காலைகளில் தண்ணீரே சில்லிட்டிருக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் அந்தக் குளிரில் வேலைச் சூட்டுக்கே வராது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். கார்புரேட்டர் எஞ்சின் என்றால் இன்னொரு காரணமும் சேரும். சேலத்தில், 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் டியூன் செய்த எஞ்சின் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வந்ததும், காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்துவிடும். பெட்ரோல் அதே அளவு வரும். கலவை கெட்டியாகி பிளக் கறுப்பாகும், மிச்சம் ஆயிலுக்குப் போகும். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை மலைக்கு ஏற்றபடி சின்னதாக மாற்றியே ஆக வேண்டும். ஸ்க்ரூ திருகிச் சமாளிப்பது ஐடிலுக்கு மட்டும்தான் உதவும்.

அறிகுறி இப்படி இருக்கும்: டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையாது, ஏறியிருக்கும். மேல் கோட்டைத் தாண்டி நிற்கும். முகர்ந்தால் பெட்ரோல் வாடை. விரலில் தேய்த்தால் வழவழப்பு இல்லாமல் தண்ணீராக ஓடும். "ஆயில் குறையவே இல்லை, நல்ல எஞ்சின்" என்று ஓட்டுநர் மகிழ்ந்துகொண்டிருப்பார். பிறகு ஒரு மதியம், எஞ்சின் நன்றாகச் சூடான பின் படகுத்துறைக்கு வந்து ஐடிலில் விடும்போது ஆயில் விளக்கு மின்னி பஸ்ஸர் கத்தும். மெலிந்த ஆயிலுக்கு அந்தக் குறைந்த வேகத்தில் பிரஷர் நிற்காது.

ஆயில் மாற்றினால் அலாரம் நிற்கும், ஆனால் சில வாரத்தில் திரும்ப வரும். தெர்மோஸ்டாட்டைப் போட்டு, கலவையைச் சரிசெய்து, அதன் பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். தினமும் கடைசிச் சவாரிக்குப் பிறகு, ஆட்கள் இல்லாமல் சில நிமிடம் நடுத்தர வேகத்தில் ஓட்டிச் சூடாக்குவதும் உதவும். ஏரியில் வேகக் கட்டுப்பாடு இருந்தால் அதற்கு உட்பட்டு.

விட்டு விட்டு 'பீப்', எஞ்சின் இருமுகிறது

பெட்ரோலில் தண்ணீர். ஃபில்டர் கிண்ணத்தில் சென்ஸார் உள்ள மாடல்கள் கத்தும். இல்லாதவை இருமல் மட்டும் போடும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மலை மூடுபனியில் பாதி காலியான டேங்க்கை, அதன் மூடியில் உள்ள திருகை இறுக்காமல் விட்டால், உள்சுவரில் வியர்த்து அடியில் சேரும். பெரும்பாலான அவுட்போர்டு கம்பெனிகள் 10 சதவீத எத்தனால் வரைதான் ஒப்புக்கொள்கின்றன என்பதால், பழைய எஞ்சின்களின் ரப்பர் குழாய்களையும் அடிக்கடி கிள்ளிப் பாருங்கள். ஊறிப் பிசுபிசுத்தால் மாற்றுங்கள்.

கிண்ணத்தைக் கழற்றிக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, சிறிது நேரம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். ஃபில்டரை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த நாளும் இதே வேலைதான். டேங்க்கை முழுதாகக் காலி செய்யுங்கள். சீசன் முடிந்து எஞ்சினை நிறுத்தும்போதும் அப்படியே.

பனி நாளில் மட்டும் கத்துகிறது, வெயில் வந்ததும் நிற்கிறது

கனெக்டரில் ஈரம். கழற்றி, பச்சை பூத்த முனைகளைச் சுத்தம் செய்து, உலர்த்தி, எலெக்ட்ரிக்கல் கிரீஸ் வைத்து மாட்டுங்கள். கூடவே பேட்டரி முனைகளையும் பாருங்கள். கையால் திருகும் நட்டு படகின் அதிர்வில் தளரும். நிறுத்திய எஞ்சினில் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டியும், ஓடும்போது 13.5-க்கு மேலும் காட்ட வேண்டும். ஓடும்போதும் 12-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. வோல்ட்டேஜ் அலாரம் உள்ள மாடல்கள் அதற்கும் கத்தும்.

பாகம் வாங்கும் முன்

அவுட்போர்டு இம்பெல்லரும் தெர்மோஸ்டாட்டும் சேலத்தில் எல்லாக் கடையிலும் கிடைப்பவை அல்ல. சென்னையிலிருந்தோ, கடலூர், நாகப்பட்டினம் போன்ற மீன்பிடித் துறைமுக ஊர்களிலிருந்தோ வரவழைக்க வேண்டியிருக்கும். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தின் நடுவில் கழற்றிப் போட்டுவிட்டு பார்சலுக்குக் காத்திருந்தால் சீசன் போய்விடும். ஒரு இம்பெல்லர் செட், ஒரு தெர்மோஸ்டாட் கேஸ்கட்டோடு, ஒரு பெட்ரோல் ஃபில்டர், இவற்றை ஏப்ரலிலேயே வாங்கி வையுங்கள். ரப்பரை வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

கேட்கும்போது "நாற்பது குதிரை எஞ்சின்" என்று சொன்னால் கடைக்காரருக்குப் போதாது. படகோடு எஞ்சினைக் கவ்விப் பிடிக்கும் பிராக்கெட்டில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் பொறித்த தகடு இருக்கும். அதைத் துடைத்து, எண் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்புங்கள். கழற்றிய பழைய பாகத்தையும், புதுசு வந்து பொருத்தி ஓட்டிப் பார்க்கும் வரை தூக்கி எறியாதீர்கள்.